இணையவழிக் கல்லூரிப் பாடம் தடுமாறும்போது: அறிகுறி பார்த்துக் காரணம் காணும் வழிமுறை

நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகளில் இணையவழிப் பாடங்களை ஒருங்கிணைக்கும் ஆசிரியர்களிடம் பருவந்தோறும் வந்து சேரும் முறையீடுகள் பெரும்பாலும் ஒரே வகைப்பட்டவை. ‘நெட் சரியா கிடைக்கல சார்’ என்றுதான் பேச்சு தொடங்கும். இரண்டு கேள்வி கேட்டால், இணைப்பில் பழுதில்லை, நான்கு வாரக் காணொளிகளைப் பார்க்காமல் விட்டதுதான் சிக்கல் என்பது தெரியவரும். நேர்மாறாக, ‘எனக்கு இந்தப் பாடம் ஏறல’ என்று மனமொடிந்து வருகிறவர், பாதிக் குரலை விழுங்கிவிடும் இணைப்பிலேயே பருவம் முழுவதையும் ஓட்டியிருப்பார். ஆகவே மாணவர் சொல்லும் காரணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. ஒரு படியில் சரியாகிவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டியதில்லை. குறிப்பாக, புதுப் போனுக்கோ இரண்டாவது சிம்முக்கோ வீட்டில் பணம் கேட்பதற்கு முன் அதற்கு முந்தைய படிகளை எல்லாம் முடித்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டுகளுக்கு, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்; அவற்றின் விதிகளைப் பருவத் தொடக்கத்தில் அந்தந்தப் பாடத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, அல்லது வகுப்பு நடுவில் அறுந்துபோகிறது

முதலில் பழுது யார் பக்கம் என்று பாருங்கள். அறுந்த உடனே வகுப்புத் தோழர்கள் இருவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும். எல்லோருக்கும் அறுந்திருந்தால் அது ஆசிரியரின் இணைப்பு. நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜூம் வகுப்பு சரியாக நாற்பதாவது நிமிடத்திலோ கூகுள் மீட் வகுப்பு ஒரு மணி நேரத்திலோ முடிந்துபோனால் அது பழுதே அல்ல, கட்டணமில்லாக் கணக்கின் கால வரம்பு. உங்களுக்கு மட்டும் அறுந்தால் கீழே இரண்டு கிளைகள் உள்ளன.

மொபைல் டேட்டாவில் படிப்பவர்கள்

அன்றைய டேட்டா அளவு தீர்ந்திருக்கிறதா என்பதே முதல் சோதனை. நாளொன்றுக்கு இத்தனை ஜி.பி. என்று வரும் திட்டங்கள் பலவற்றில், அளவு தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். இணைப்பு இருப்பதாகவே போன் காட்டும். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தியும் போய்வரும். வகுப்பு மட்டும் நின்றுபோகும். காலையில் பார்த்த குறுங்காணொளிகளுக்கும் மாலை நான்கு மணி வகுப்புக்கும் உள்ள தொடர்பு பலருக்கு இங்கேதான் புலப்படுகிறது. அளவு மீதமிருந்தும் தடங்கல் என்றால், படங்கள் தானாக மேலேறுவதையும் செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது இடம். களக்காடு, மணிமுத்தாறு, பாபநாசம், கடையம் என்று மலையடியில் இருக்கும் ஊர்களில் தெருவுக்குத் தெரு, ஒரே வீட்டில் அறைக்கு அறைகூட சிக்னல் மாறும். வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் வீட்டின் மூன்று நான்கு இடங்களில் வேகத்தைச் சோதித்து எழுதி வையுங்கள். நள்ளிரவில் எடுத்த அளவு மாலை வகுப்புக்குச் செல்லாது. இறங்குவேகத்தை (டவுன்லோட்) மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் ஏறுவேகத்தையும் (அப்லோட்) பாருங்கள். நீங்கள் பேசுவது ஆசிரியருக்குக் கேட்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு உங்கள் காணொளியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். குரல் மட்டும் போக நொடிக்கு நூறு கிலோபிட்டுக்குக் குறைவாகவே போதும். ஆகவே காணொளியை நிறுத்திய பின்னும் குரல் அறுந்தால் வேகக் குறைவைக் குற்றம் சொல்ல முடியாது. சிக்னல் நிலையில்லாமல் இருக்கிறது என்று பொருள். அப்போதுதான் வேறு நிறுவனத்தின் சிம்மைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் வாங்கிவிட்டுச் சோதிக்காமல், அந்தச் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டு வைஃபையில் படிப்பவர்கள்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களின் பழைய வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும், சுவர்களும் தடிமனானவை. வாசலை ஒட்டிய தார்சாவில் ரவுட்டரை மாட்டிவிட்டு, நடுக்கூடமான பட்டாசலையும் தாண்டி அடுக்களையை ஒட்டிய அறையில் உட்கார்ந்தால் எந்த நிறுவனத்தின் இணைப்பும் தடுமாறத்தான் செய்யும். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வகுப்பு பாருங்கள். அங்கே சரியாக வந்தால் பழுது தூரத்தில்தான். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைப் பெயர்கள் தெரிந்தால், தூர அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸும் அருகில் 5 கிகாஹெர்ட்ஸும் பொருந்தும். மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு லேன் கம்பியே மலிவான, நிலையான தீர்வு.

பக்கத்தில் உட்கார்ந்தும் சரியில்லை என்றால் ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடியிழைக் கம்பியில் ஒளி வரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் அது சரியாகாது. உடனே இணைப்பு நிறுவனத்தில் புகார் எண் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கிளை விழுந்து கம்பி அறுவது வழக்கமாகையால் ஆள் வரும்வரை மொபைல் டேட்டாவில் சமாளிக்க அந்த மாதங்களில் கொஞ்சம் டேட்டாவை மிச்சம் வைத்திருப்பது நல்லது.

மின்சாரம் நிற்பதால் அறுகிறது என்றால் முதல் வேலை செய்தித்தாளைப் பார்ப்பது. துணைமின் நிலையப் பராமரிப்புக்கான பகல்நேர நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அடிக்கடி நிற்கும் ஊர் என்றால், ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று உதவும். வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களோடு அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: வகுப்புக்குள் நுழையவே முடியவில்லை

அநேகமாக எப்போதும் கணக்குக் குழப்பம்தான். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் அழைப்பு வந்திருக்கும்; போனில் திறந்திருப்பது சொந்த மின்னஞ்சலாக இருக்கும். அதிலிருந்து வெளியேறி, சரியான கணக்கில் மறுபடி நுழையுங்கள். கடவுச்சொல்லே ஏற்கவில்லை என்றால் மூன்றாவது முயற்சிக்கு மேல் போராட வேண்டாம். துறையில் அந்தக் கணக்குகளைக் கவனிப்பவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

அறிகுறி: முழு வகுப்பும் உட்கார்ந்தும் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை

இங்கே மாணவர்கள் நேரடியாக ‘மூளை’ என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் சோதிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

பதிவு செய்த காணொளி ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். நிறுத்திவிட்டு, பார்த்ததை மூன்று வாக்கியத்தில் நோட்டில் எழுதுங்கள். எழுத முடிந்தால் உங்கள் கவனம் நன்றாகத்தான் இருக்கிறது, நீளம்தான் மிஞ்சிப்போகிறது. இனிமேல் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அதே போல் நிறுத்தி எழுதினால் போதும். ஒரு மணிக் காணொளிக்கு ஒன்றரை மணி பிடிக்கும். அது வீண் நேரமல்ல, இரண்டாம் முறை பார்க்கும் நேரம் மிச்சமாகிறது.

எழுத முடியவில்லை என்றால், போனின் அறிவிப்புகளை அணைத்து, படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். படுத்துக்கொண்டு பார்க்கும் பாடம் தாலாட்டாக முடிவதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை.

இன்னும் முடியவில்லையா? இப்போது தடை மொழியா, அடிப்படையா என்று பிரிக்க வேண்டும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் மாணவர்களுக்கு இந்தப் பிரிப்பு மிக முக்கியமானது. ஏனென்றால் இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும்; மருந்து மட்டும் வேறு. அதே தலைப்பைத் தமிழில் படித்துப் பாருங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பள்ளி நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழில் புரிகிறது என்றால் தடை மொழி. காணொளியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, கீழே எழுத்துகளை ஓடவிட்டுப் பாருங்கள். என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு உரையின் எழுத்துவடிவம் கிடைக்கிறது. பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. முதலில் எழுத்துவடிவத்தைப் படித்து, தெரியாத கலைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டு, பிறகு காணொளியைத் திறந்தால் அதே ஆசிரியர் மெதுவாகப் பேசுவதுபோல் தோன்றும். தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகுங்கள். விளக்கம் தமிழில் இருந்தால் குற்றமில்லை.

தமிழிலும் புரியவில்லை என்றால் தடை அடிப்படையில். பாடப் பக்கத்தில் முன்னறிவு என்று குறித்திருப்பவற்றைப் பாருங்கள். ஒரு தலைப்புதான் இல்லை என்றால் ஒரு வார இறுதியில் சரிசெய்யலாம். முழுப் பாடமே இல்லை என்றால் துறை ஆசிரியரிடம் போய், இந்தப் பருவம் விலகி அடுத்த பருவத்தில் எடுக்கலாமா என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள் கேட்டால் வேறு பாடத்துக்கு மாற இடமிருக்கும். எட்டாவது வாரத்தில் கேட்பவருக்கு ஆறுதல் மட்டுமே கிடைக்கும்.

அறிகுறி: பார்க்காத காணொளிகள் சேர்ந்துவிட்டன

முதல் வாரத்திலிருந்து தொடங்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பொறுப்புள்ள மாணவர்கள்தான் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். விட்டுப்போன முதல் வாரத்தை முடிப்பதற்குள் நடப்பு வாரத்தின் ஒப்படைப்பும் (அசைன்மென்ட்) கைவிட்டுப் போகும். நடப்பு வாரத்தை முதலில் முடித்துக் கெடுவுக்குள் ஒப்படைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பின்னோக்கிச் செல்லுங்கள்.

அடுத்து, கணக்குப் போடுங்கள். என்.பி.டி.இ.எல். பாடத்தில் மொத்தம் 100 மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளின் சராசரியும், எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறின் சராசரியும் எடுக்கப்படுகின்றன. சான்றிதழுக்கு ஒப்படைப்பில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 வேண்டும். ஆகப் பன்னிரண்டில் நான்கு வாரம் விட்டுப்போனாலும் சராசரி குறையாது. எட்டு வாரம் விட்டுப்போய், மிச்ச நான்கிலும் 80 வீதம் எடுத்தால்கூட எட்டின் சராசரி 40. அது 25க்குச் சரியாக 10. ஆறாவது வாரத்தில் ‘எல்லாம் போச்சு’ என்று கைவிட்டவர்களில் பலருக்கு உண்மையில் எதுவும் போயிருக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஒப்படைப்புக்கு மட்டுமே. விட்ட வாரங்களிலிருந்தும் தேர்வில் கேள்வி வரும்.

மீண்டும் மீண்டும் சேர்ந்துபோகிறது என்றால் காரணம் சோம்பல் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். ஜூலையில் தொடங்கும் பாடத்தின் முதல் வாரங்கள் ஆடி மாதக் கோயில் கொடைகளோடு (ஊர்த் திருவிழாக்களோடு) மோதும். ஊரில் கொடை என்றால் ஒலிபெருக்கி ஓயாது, வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். ஜனவரியில் தொடங்கும் பாடத்தின் கடைசிப் பகுதியில் பங்குனி உத்திரம் வரும். சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் தேவையில்லை. இந்த நாட்களை முதல் வாரத்திலேயே குறித்து வைத்து, அதற்கு முந்தைய வாரத்தில் ஒன்றரை மடங்கு பார்த்துவிடுங்கள். காணொளிகளை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் பேருந்தில் போகும்போதும் பார்க்கலாம்.

அறிகுறி: ஒப்படைத்தும் பூஜ்யம் விழுந்திருக்கிறது

விடைகளைச் சேமித்துவிட்டு ஒப்படைப்புப் பொத்தானை அழுத்தாமல் விட்டிருக்கலாம், வேறு கணக்கில் ஒப்படைத்திருக்கலாம், இரவு 11.59 கெடுவுக்கு 11.55க்கு உட்கார்ந்து இணைப்பு தடைபட்டிருக்கலாம். கெடுவுக்குள் எத்தனை முறையும் ஒப்படைக்க முடிவதாலும் கடைசியாக ஒப்படைத்ததே கணக்கில் எடுக்கப்படுவதாலும், இரண்டு நாள் முன்பே ஒருமுறை ஒப்படைத்துவிட்டுப் பிறகு திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் உறுதிச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், பிறகு பாட உதவியாளரிடம் முறையிட அது ஒன்றே ஆதாரம்.

அறிகுறி: ஒப்படைப்பில் நிறைய மதிப்பெண், தேர்வில் தோல்வி

மூன்றாம் வார ஒப்படைப்பை இப்போது எடுத்து, எதையும் பார்க்காமல், தனியாகச் செய்து பாருங்கள். முன்பு வாங்கிய மதிப்பெண்ணில் பாதிகூட வரவில்லை என்றால் விடைகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வந்தவை. இதற்கு மேல் நுணுக்கமான காரணம் தேட வேண்டாம். பார்க்காமல் செய்தும் நன்றாக வருகிறது, தேர்வில் மட்டும் தவறுகிறது என்றால் நேரக் கட்டுப்பாடும் இடமும்தான் புதிது. தேர்வு குறிப்பிட்ட மையத்தில், கணினியின் முன், கண்காணிப்பில் நடக்கிறது. கல்லூரிக் கணினிக் கூடத்தில் கடிகாரம் வைத்து இரண்டு மாதிரித் தேர்வு எழுதினால் பெரும்பாலும் தீரும்.

தேர்வுச்சீட்டே வரவில்லை என்றால் காரணம் வேறு. பாடத்தில் சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். பாடத்தில் சேர்ந்ததே தேர்வுக்கும் சேர்ந்ததாகிவிடும் என்று எண்ணிப் பதிவுத் தேதியைத் தவறவிடும் மாணவர்கள் பருவந்தோறும் இருக்கிறார்கள். பெயர் எழுத்துகள் அடையாள அட்டையோடு பொருந்துகின்றனவா என்பதையும் பதியும்போதே பாருங்கள்.

அறிகுறி: வீட்டில் படிக்க இடமும் நேரமும் கிடைக்கவில்லை

வீட்டில் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கிறது என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள். பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகும் பெண்ணை யாரும் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிடுகிறார்கள். முதல் படி, கால அட்டவணையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. எந்த நேரம் வகுப்பு, எந்த நேரம் உங்களைக் கூப்பிடலாம் என்று இரண்டுமே அதில் இருக்க வேண்டும். கூப்பிடக் கூடாத நேரம் மட்டும் எழுதிய தாளை எந்த அம்மாவும் மதிக்கமாட்டார்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றும் வீடுகளில் மாணவிகளும் கைகொடுக்க வேண்டியிருக்கும். கை வேலையில் இருக்கும்போது பதிவு செய்த பாடத்தைக் காதால் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதை முதல் கேட்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு, நிரல் எழுதுதல் போன்ற பாடங்கள் இதற்கு ஒத்துவராது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து அதே பகுதியைப் பார்க்க நாளுக்கு நாற்பது நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

வீட்டில் இடமே இல்லை என்றால் அருகிலுள்ள கிளை நூலகம், பாளையங்கோட்டையில் என்றால் மாவட்ட மைய நூலகம், அல்லது கல்லூரிக் கணினிக் கூடம். வீட்டு வருமானத்துக்காகவே வகுப்பை விட வேண்டிய நிலை என்றால் மறைக்காமல் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். கட்டணச் சலுகை, கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு அவர் வழியாகத்தான் கடிதம் போக வேண்டும். பருவம் முடிந்தபின் சொன்னால் வருகைப்பதிவுக் குறைவு மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: தலைவலி, கழுத்துவலி, எதிலும் மனம் ஒட்டாமை

போனை மடியில் வைக்காமல் நான்கைந்து புத்தகங்களை அடுக்கிக் கண் உயரத்தில் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது வினாடி, இருபது அடி தூரத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒரு வாரத்தில் குறையாத தலைவலிக்கும் மங்கலான பார்வைக்கும் வலிமாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ளாமல் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, முன்பு பிடித்தவையும் பிடிக்காமல், யாரிடமும் பேசத் தோன்றாமல் இருந்தால் அதைப் படிப்புக் குறையாக எண்ணி நேர அட்டவணையால் சரிசெய்ய முயல வேண்டாம். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நேரில் பார்க்கப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, அப்போதே பேசுங்கள்.

அறிகுறி: சான்றிதழ் வந்தது, மதிப்பெண் பட்டியலில் ஏறவில்லை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். ஆனால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று தீர்மானிப்பது நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகமும் கல்லூரியும்தான். நான்கு வாரப் பாடத்துக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று தகுதிப் புள்ளி (கிரெடிட்) என்பது வழக்கம். மூன்று புள்ளிப் பாடத்துக்கு ஈடாக எட்டு வாரப் பாடத்தை எடுத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். பாடத்தில் சேருமுன் துறைத்தலைவரின் ஒப்புதல் வாங்கினீர்களா, தகுதிப் புள்ளி வங்கிக் கணக்கு எண்ணைச் (ஏ.பி.சி. ஐ.டி.) சரியாகக் கொடுத்தீர்களா, சான்றிதழில் உள்ள பெயர் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்ற மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரி என்றால் சான்றிதழ் நகலோடு துறைத்தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் பதில் வரவில்லை என்றால், அந்த முத்திரை நகலை இணைத்து மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் முறையிடலாம்.